ஊர்ப்பெயர் என்னும் திறவுகோல்

மன்னர்தம் குலவரிசையைக் கல்லிலும் செப்பேட்டிலும் காணலாம். ஏர்பிடித்த ஏழைக் குடும்பத்தின் வரலாற்றை எங்கே தேடுவது? அயர்லாந்திலிருந்து கடல் கடந்தோரின் வழித்தோன்றல்கள் இன்றளவும் எதிர்கொள்ளும் வினா இது.

1845 முதல் 1852 வரை, உருளைக்கிழங்குப் பயிரைத் தாக்கிய நோயால் அயர்லாந்தில் பெரும்பஞ்சம் நிலவியது. ஏறத்தாழ 10 இலட்சம் மக்கள் மாண்டனர். அதே அளவினர் நாட்டைவிட்டு வெளியேறினர். 1841இல் சுமார் 82 இலட்சமாயிருந்த மக்கள்தொகை, 1851இல் 65 இலட்சம் அளவிற்குச் சுருங்கியது. கப்பலேறியோருள் பலர் எழுத்தறியாதவர்கள். அவர்களைக் குறித்த ஏடுகளில் பல பின்னர் அழிந்தன. 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளின் நகரிலிருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான 4 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளின் ஏடுகள், சில பகுதிகள் நீங்கலாக, சாம்பலாயின. 1861 முதல் 1891 வரையிலான ஏடுகளையோ அரசே அழித்துவிட்டது. முழுமையாக எஞ்சிய கணக்கெடுப்புகளுள் முந்தியது 1901ஆம் ஆண்டினதே.

எஞ்சிய சான்றுகளும் உள. 1847 முதல் 1864 வரை ரிச்சர்ட் கிரிஃபித் மேற்பார்வையில் வெளிவந்த நிலமதிப்பீட்டுப் பதிவு, குடியானவர் பெயரையும் நிலக்கிழார் பெயரையும் ஊர்தோறும் பட்டியலிடுகிறது. தேவாலயங்களில் ஞானஸ்நானப் பதிவேடுகள் உள்ளன. ஆயின், இவற்றுள் நுழைய ஊர்ப்பெயர் தெரிந்திருக்க வேண்டும். அந்நாட்டின் மிகச் சிறிய நிலப்பிரிவான சிற்றூர்கள் 60,000க்கும் மேற்பட்டவை. அமெரிக்கக் கப்பல் பட்டியல்களோ பெரும்பாலும் 'அயர்லாந்து' என்று மட்டுமே சொல்லி நின்றுவிடுகின்றன.

பெயர்களும் எளிதில் வழிவிடுவதில்லை. 'ஓ', 'மாக்' என்னும் முன்னொட்டுகளைப் பல குடும்பங்கள் இழந்தன. கத்தோலிக்கப் பதிவேடுகள் பலவற்றில் பாட்ரிக் 'பாட்ரிசியஸ்' என இலத்தீன் உருக்கொண்டார். 1824இல் தொடங்கிய நில அளவையின்போது ஐரிஷ் ஊர்ப்பெயர்கள் ஆங்கில எழுத்துக்கூட்டலில் நிலைபெற்றன; அவற்றின் பழைய ஒலியையும் பொருளையும் ஊர் ஊராகச் சென்று திரட்டிய ஜான் ஓ'டோனவனின் குறிப்புகள் இன்றும் துணைநிற்கின்றன. மற்றொரு துணை, மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டனார் பெயரைச் சூட்டும் மரபு. 'பெயரன்' என்ற சொல்லை ஆளும் நமக்கு இது புதிதன்று.

தொலைந்த ஊர்ப்பெயரைப் பெரும்பாலும் புலம்பெயர்ந்தோர் வாய்மொழியே காத்துத் தந்தது. பாஸ்டனில் வெளிவந்த 'பைலட்' என்னும் இதழ், 1831 முதல் 1921 வரை, காணாமற்போன உறவினரைத் தேடும் விளம்பரங்களை வெளியிட்டது. கணவனைத் தேடிய மனைவியும், தமையனைத் தேடிய தங்கையும், பிறந்த ஊரையும் வந்திறங்கிய துறைமுகத்தையும் அவற்றில் குறித்தனர். அமெரிக்கக் கல்லறைகள் சிலவும் அயர்லாந்துச் சிற்றூரின் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

ஃபால்மவுத் கியர்னி என்னும் இளைஞர் 1850இல் அமெரிக்கா சென்றார். செருப்புத் தைப்பவரின் மகனான அவருடைய ஊர் மனிகால் என்பது, 2007இல் அப்பகுதித் தேவாலயப் பதிவேடுகளால் உறுதியாயிற்று. அவர் வழிவந்த பராக் ஒபாமா, அமெரிக்க அதிபராக 2011 மே மாதம் அவ்வூர் மண்ணை மிதித்தார். கியர்னியின் அரிய முதற்பெயர் அவரை அடையாளங்காட்டியது. எண்ணற்ற பாட்ரிக் மர்ஃபிகளுக்கு அந்நற்பேறு வாய்க்கவில்லை.

எரிந்த காப்பகத்தின் படிகளையும் சுருக்கங்களையும் பல நாடுகளிலிருந்து திரட்டி, 2022இல் கணினிவழிக் கருவூலம் ஒன்றை அயர்லாந்து திறந்தது. ஆயினும், ஊரறியாதான் அதன் வாயிலிலும் தயங்கியே நிற்பான். எழுத்தறியாத் தாயொருத்தி தன் ஊர்ப்பெயரைப் பிள்ளைகளின் காதில் பிழையின்றிச் சொல்லிவைத்திருந்தால், அந்த ஒரு சொல் எரிந்துபோன ஏடுகளுக்கு ஈடாகும். சொல்லைப் போற்றும் நாம் நெஞ்சில் இருத்தத்தக்க செய்தி இது.