புத்தகத்தை மூடி வெச்சுட்டு எழுதுங்க: தபாலில் படித்தவர்களின் கதை

இந்த எபிசோடைக் கேட்கிற பலர் போன்ல பாதியில நிக்கிற ஒரு ஆன்லைன் கோர்ஸ் கண்டிப்பா இருக்கும். முதல் வாரம் உற்சாகம். மூணாவது வாரம் வீடியோ ஒண்ணரை மடங்கு வேகத்துல ஓடும். குவிஸ் வந்தா பக்கத்து டேப்ல விடை தேடல். அப்புறம் ஒருநாள் சத்தமில்லாம நின்னுடும். கடைசியில நம்ம மேலயே ஒரு தீர்ப்பு: "எனக்கு டிசிப்ளின் பத்தாது."

அந்தத் தீர்ப்பு சரியா? வகுப்பறை இல்லாமல் தூரத்திலிருந்து படிப்பது கொரோனா காலத்தில் வந்த விஷயம் இல்லை. அதற்கு நூற்றைம்பது வருஷத்துக்கும் மேலான வரலாறு இருக்கிறது. அதைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால், பிரச்சினை வேறு இடத்தில் இருப்பது தெரியும்.

ஒரு பென்னி தபால்

1840-ல் பிரிட்டனில் ஒரு பென்னி தபால் வந்தது. நாட்டுக்குள் எவ்வளவு தூரம் போனாலும் சாதாரணக் கடிதத்துக்கு ஒரே கட்டணம். அதைப் பயன்படுத்திக்கொண்டவர் ஐசக் பிட்மேன். பெயர் கேள்விப்பட்ட மாதிரி இருக்கா? நம்ம ஊர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுகளில் ஷார்ட்ஹேண்ட் என்று சொல்லிக்கொடுத்தார்களே, அந்தச் சுருக்கெழுத்தை உருவாக்கியவர் இவர்தான்.

பிட்மேன் பாடத்தை அனுப்புவதோடு நிறுத்தவில்லை. மாணவர்கள் பைபிளிலிருந்து சில வரிகளைச் சுருக்கெழுத்தில் எழுதித் தபாலில் போட வேண்டும். அதை அவர் திருத்தித் திருப்பி அனுப்புவார். பாடம் மட்டும் வந்தால் அது ஒரு புத்தகம். நாம் எழுதியது திருத்தப்பட்டுத் திரும்பி வந்தால்தான் அது படிப்பு. இந்த வித்தியாசத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க.

பாஸ்டனில் ஒரு வீடு

1873, அமெரிக்காவின் பாஸ்டன் நகரம். பக்கத்திலேயே ஹார்வர்ட். ஆனால் பெண்கள் அங்கே சேர முடியாது. அன்னா டிக்னரின் அப்பா அதே ஹார்வர்டில் பேராசிரியராக இருந்தவர். வீடு நிறையப் புத்தகம். கல்லூரிக் கதவு மட்டும் மூடியிருந்தது.

அன்னா தன் வீட்டிலிருந்தே ஒரு சங்கத்தை ஆரம்பித்தார். வீட்டில் இருந்தபடி பெண்கள் படிப்பதை ஊக்குவிப்பதுதான் அதன் வேலை, அதன் பெயரும் அதுவேதான். பட்டம் கிடையாது. கட்டணம் வருஷத்துக்குச் சில டாலர். புத்தகம் வாங்க வசதியில்லாதவர்களுக்குத் தபாலிலேயே இரவல் புத்தகம் போகும். ஒவ்வொரு மாணவிக்கும் ஒரு தன்னார்வ ஆசிரியை. மாசாமாசம் மாணவி எழுத வேண்டும், ஆசிரியை பதில் போட வேண்டும்.

எம்.ஐ.டி.யில் சேர்ந்த முதல் பெண்ணான எலன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ் பிறகு இதன் அறிவியல் பிரிவை எடுத்து நடத்தினார். வரலாறு, இலக்கியம் என்றால் புத்தகம் போதும். அறிவியலை எப்படித் தபாலில் படிப்பது? மைக்ராஸ்கோப்பையும் மாதிரிகளையும்கூட அனுப்பிப் படிக்க வைத்தார்கள்.

இந்தச் சங்கத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு சின்ன விதி. படித்து முடித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, ஞாபகத்திலிருந்து குறிப்பு எழுத வேண்டும்.

யோசிச்சுப் பாருங்க. அந்தப் பெண் தன் வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். கேமரா இல்லை, கண்காணிப்பாளர் இல்லை. புத்தகம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. திறந்து பார்த்து எழுதினால் யாருக்கும் தெரியாது. ஆனால் அப்படி எழுதி என்ன பிரயோஜனம்? பட்டம் இல்லை, வேலை இல்லை. வரப்போவது ஒரு பதில் கடிதம், அவ்வளவுதான். அந்தப் பதில் அவள் எழுதியதைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த கேள்வியைக் கேட்கும். காப்பியடித்தால் அந்தக் கேள்வி அவளுக்கானதாகவே இருக்காது. அவள் எங்கே தடுமாறுகிறாள் என்பது ஆசிரியைக்குத் தெரியாமலே போகும்.

24 வருஷத்தில் சுமார் 7,000 பெண்கள் இதில் படித்தார்கள். பாதியில் விட்டவர்களும் உண்டு. குடும்பம், உடம்பு, வீட்டு வேலை என்று காரணங்கள் அன்றைக்கும் இருந்தன. 1896-ல் அன்னா இறந்தார். மறுவருஷமே சங்கமும் மூடப்பட்டது. மனிதர்களை நம்பி ஓடிய அமைப்பு அது. அதன் பலமும் பலவீனமும் அதுதான்.

பாதியில் விட்டால் லாபம்

அடுத்து வந்தது வியாபாரம். 1970-ல் ஜெசிகா மிட்ஃபோர்ட் என்ற பத்திரிகையாளர், தபாலில் எழுத்துப் பயிற்சி கொடுத்த ஒரு பெரிய அமெரிக்க நிறுவனத்தைப் பற்றி 'தி அட்லாண்டிக்' இதழில் கட்டுரை எழுதினார். விளம்பரத்தில் பிரபல எழுத்தாளர்களின் படங்கள் இருந்தன. ஆனால் அந்தப் பிரபலங்கள் மாணவர்களின் எழுத்தைத் திருத்தவில்லை. பல ஆயிரம் மாணவர்கள், திருத்துவதற்கோ சில டஜன் பேர். எல்லோரும் ஒழுங்காகப் பயிற்சிகளை எழுதி அனுப்பியிருந்தால் அவர்களால் சமாளித்திருக்கவே முடியாது. பணத்தைக் கட்டிவிட்டுப் பாதியில் நிற்பவர்களை வைத்துத்தான் கணக்கே ஓடியது.

அந்த மாணவர்களும் "நமக்கு டிசிப்ளின் இல்லை" என்றுதானே நினைத்திருப்பார்கள்?

இப்போ நம்ம காலம். 2011-ல் ஸ்டான்ஃபோர்டின் செயற்கை நுண்ணறிவு வகுப்பை செபாஸ்டியன் த்ரன், பீட்டர் நார்விக் இருவரும் ஆன்லைனில் இலவசமாகத் திறந்தார்கள். சேர்ந்தவர்கள் சுமார் 1,60,000 பேர். முடித்தவர்கள் 20,000-க்குச் சற்று மேல். அடுத்த வருஷம் கோர்செராவில் இன்னொரு ஆச்சரியம். சக மாணவர்களே ஒருவர் கட்டுரையை இன்னொருவர் திருத்தும் சில இலவச வகுப்புகளில், காப்பியடித்த கட்டுரைகள் வருவதாகப் புகார் கிளம்பியது. பட்டத்துக்குச் சேராத, காசில்லாத வகுப்பு. யாரை ஏமாற்ற?

எனக்குத் தோன்றுவது இதுதான்: யார் படிக்கப் போகிறார்கள் என்றே தெரியாத ஒன்றை எழுதும்போது அது வெறும் ஃபார்ம் நிரப்புவதாக மாறிவிடுகிறது. நேர்மை அங்கேதான் முதலில் கழன்றுகொள்கிறது. ஆர்வம் அதற்குப் பின்னாலேயே போய்விடுகிறது.

தீவுச் சிறையின் மாணவர்கள்

இதற்கு நேர் எதிரான ஒரு இடம், தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறை. நெல்சன் மண்டேலாவும் தோழர்களும் அங்கே தபால் வழியாகப் படித்தார்கள். பகலில் சுண்ணாம்புக் குவாரியில் வேலை. படிக்க அனுமதி பெற்றவர்கள் தங்கள் புத்தகத்தை அனுமதி இல்லாதவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்பது சிறை விதி. மீறினால் படிக்கும் உரிமையே பறிபோகலாம். இருந்தும் கொடுத்தார்கள். குவாரியில் வேலை செய்துகொண்டே ஒருவருக்கொருவர் பாடம் நடத்தினார்கள்.

மண்டேலா ரகசியமாக எழுதிய சுயசரிதையின் பக்கங்கள் சிறைத் தோட்டத்தில் புதைத்த இடத்தில் பிடிபட்டன. அதற்குத் தண்டனையாக நான்கு வருஷம் அவர் படிக்கவே அனுமதி இல்லை. அதன் பிறகும் அவர் விடவில்லை. 1943-ல் தொடங்கிய சட்டப் படிப்பை 1989-ல், கைதியாக இருக்கும்போதே முடித்தார். 46 வருஷம். ஒரு தனி மனிதரின் மன உறுதி என்று இதைச் சொல்வது சுலபம். ஆனால் அவரைச் சுற்றிப் படித்துக்கொண்டிருந்த அத்தனை பேரையும் விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

அப்போ நாம என்ன செய்யறது?

1,60,000 பேருக்கு ஆளுக்கொரு அன்னா டிக்னர் கிடைக்க மாட்டார். நாமதான் ஏற்பாடு பண்ணிக்கணும். ஒரு வீடியோ முடிந்ததும் டேபை மூடிட்டு, பத்து வரி ஞாபகத்திலிருந்து எழுதுங்க. தப்பா இருந்தாலும் பரவாயில்லை, தப்பு உங்களோடதா இருக்கட்டும். அதை ஒரே ஒரு ஆளுக்கு அனுப்புங்க. நண்பர், அக்கா, அதே கோர்ஸில் இருக்கிற யாரோ ஒருவர். அவங்க நிபுணரா இருக்க வேண்டியதில்லை. படிச்சுட்டு, "இந்த இடம் புரியலையே" என்று திருப்பிக் கேட்டால் போதும்.

அடுத்த கோர்ஸுக்குப் பணம் கட்டுறதுக்கு முன்னாடியும் ஒரு கேள்வி கேளுங்க: நான் எழுதுறதை இங்கே யார் படிப்பாங்க? அதுக்குப் பதில் கிடைக்கலைன்னா, முதல்ல அந்த ஒரு ஆளைத் தேடுங்க. கோர்ஸ் அப்புறம்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.