கம்பம் பள்ளத்தாக்கில் யாரும் கேட்காத கறி

தேவாரத்துக்கு மேற்கே மலை சுவர்போல எழுந்து நிற்கிறது. அதில் ஏறிச் சாக்கலூத்து மெட்டைக் கடந்தால் கேரளத்தின் உடும்பன்சோலை ஏலத்தோட்டங்கள். இந்த வழியில் சாலை போடச் சொல்லி ஊர்க்காரர்கள் பல காலமாகக் கேட்டுவருகிறார்கள். சாலை இல்லாத மலையில் அரிசியை மேலே ஏற்றியதும் ஏலக்காயைக் கீழே இறக்கியதும் மனிதத் தலையும் மிருக முதுகும்தான். பொதிமாடு, கழுதை, கோவேறு கழுதை, மட்டக்குதிரை. வடக்கே போடி மலையில் இன்றும் அந்தப் பிழைப்பு முற்றாக முடியவில்லை. தேர்தல் வந்தால், வாக்குப்பதிவு இயந்திரம் குதிரை முதுகில் மலைக்கிராமத்துக்குப் போகும் படம் செய்தித்தாளில் தவறாமல் வரும்.

இதே பள்ளத்தாக்கில் ஆடு, கோழி, பன்றி, மாடு எல்லாவற்றுக்கும் உண்பவர் உண்டு. உழைத்து ஓய்ந்த மாட்டுக்கு வாசலில் தரகர் வந்து நிற்பார். அது அடிமாடாக லாரி ஏறி, குமுளி வழியே மலை தாண்டிவிடும். உழைத்து ஓய்ந்த குதிரைக்கு அப்படி யாரும் வருவதில்லை. குதிரைக் கறிக்கு இங்கே கடையும் கிடையாது, கேட்பாரும் கிடையாது.

ஏன் என்று கேட்டால் பெரும்பாலோர் உடனே சாஸ்திரத்தைக் கைகாட்டுவார்கள். சாஸ்திரம் அவ்வளவு தெளிவாக இல்லை. ரிக் வேதத்தின் முதல் மண்டலத்தில் உள்ள அசுவமேதப் பாடல், வேகும் குதிரை இறைச்சியைப் பார்த்துக்கொண்டு பங்குக்காகக் காத்திருப்பவர்களைச் சொல்கிறது. 1054இல் கொப்பத்துப் போரில் யானைமேல் இருந்தபடியே உயிர்விட்ட சோழ மன்னன் முதலாம் இராஜாதிராஜன் அசுவமேதம் செய்தவன் என்று கல்வெட்டுகள் பெருமைப்படுகின்றன.

இஸ்லாத்திலும் ஒரே விடை இல்லை. கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் வாழும் ராவுத்தர்கள் ஹனஃபி வழியினர். குதிரை வணிகத்தோடும் குதிரைப்படையோடும் பழங்காலத்திலிருந்தே சேர்த்துப் பேசப்படும் சமூகம் அது. இமாம் அபூ ஹனீஃபா குதிரை இறைச்சியை விரும்பத்தகாதது என்றார். அவருடைய முதன்மை மாணவர்கள் இருவரும் ஆகும் என்றார்கள். காயல்பட்டினத்து முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாஃபி வழியிலோ தடையே இல்லை. அரபுக் குதிரைகள் கப்பலிலிருந்து இறங்கிய துறைகளில் காயலும் ஒன்று. அனுமதி இருந்தது, குதிரையும் இருந்தது. ஆனாலும் காயலின் பேர்போன சமையலில் குதிரைக்கு இடம் கிடைக்கவில்லை.

காரணத்தைத் தேட வேண்டிய இடம் கணக்குப் புத்தகம். தமிழ்நாடு குதிரை பிறந்து பெருகும் மண் அல்ல. கடல் வழியே குதிரை வந்து இறங்கியதைப் பட்டினப்பாலையே பதிவுசெய்திருக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்கோ போலோ, மன்னர்கள் ஆண்டுக்கு 2,000க்கு மேல் குதிரை வாங்கினார்கள் என்றும், ஆண்டு முடிவில் அவற்றில் நூறுகூட உயிரோடு மிஞ்சவில்லை என்றும் எழுதினார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் இன்னும் பெரிய எண்ணைச் சொல்கிறார்: ஆண்டுக்கு 10,000 குதிரை, ஒன்றின் விலை 220 தினார். இரண்டு எண்களையும் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படிக்கலாம். ஆனால் அரசனின் பொன் குதிரையாக மாறிக் கரைந்துகொண்டிருந்தது என்பதில் ஐயமில்லை. மாணிக்கவாசகர் கதையே குதிரை வாங்கக் கொடுத்த பணம் கோயிலுக்குப் போன கதைதானே! தீனி விஷயத்தில் மார்கோ போலோ தரும் தகவல் வேடிக்கையானது. சோற்றோடு சமைத்த இறைச்சியையும் சேர்த்துக் குதிரைக்கு ஊட்டினார்களாம். இந்த நாட்டில் குதிரைக்கும் கறிக்கும் இருந்த உறவு தலைகீழானது.

இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பிராணி குடியானவன் தொழுவத்துக்கு வரவில்லை. அரசனிடமும் படைத்தலைவனிடமும் பாளையக்காரரிடமும் நின்றது. மலையில் பொதி சுமந்த மட்டக்குதிரை போக, ஏழைக் குடும்பம் குதிரையைப் பார்த்ததெல்லாம் ஊர் எல்லையில்தான். அதுவும் சுட்ட மண்ணில். மதுரை, சிவகங்கைச் சீமையில் புரவி எடுப்பு நாளன்று, வேளார் செய்து கண் திறந்த மண்குதிரையை ஊரே தோளில் தூக்கிப்போய் அய்யனார் முன் நிறுத்துகிறது. அங்கே நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். அய்யனாருக்குச் சைவப் படையல். அதே வளாகத்தில் நிற்கும் கருப்பருக்குக் கிடா. கிடா வெட்டும் நேரத்தில் அய்யனார் சன்னதிக்குத் திரை போடும் வழக்கம் பல கோயில்களில் உண்டு. சாமி பார்க்காத பக்கம் ஆடு விழுகிறது, பந்தியில் கறியாகிறது. குதிரை திரைக்கு உள்ளே, சாமியின் பக்கம் நிற்கிறது. சித்திரையில் வைகைக்கு வரும் கள்ளழகரும் தங்கக் குதிரை மேல்தான் வருகிறார்.

சாமி ஏறும் வாகனத்தை உண்ணாதே என்று யாரும் எழுதிவைக்கவில்லை, எழுதவேண்டிய தேவையும் வரவில்லை. எழுதிய விதியென்றால் எழுதியவரே தளர்த்தலாம். எழுதாத வழக்கத்தை யார் தளர்த்துவது? இந்தக் கேள்வி ஒருமுறை உயிர்ப் பிரச்சினையாகவே வந்தது.

முதல் உலகப்போர். மெசபடோமியாவில் டைகிரிஸ் ஆற்றங்கரையில் கூத் என்ற சிற்றூர். 1915 டிசம்பர் 7 முதல் பிரிட்டிஷ் ஜெனரல் டவுன்ஷெண்டின் படையைத் துருக்கியர் அங்கே வளைத்துக்கொண்டார்கள். படையில் பெரும்பகுதி இந்தியர்கள்: பஞ்சாபியர், மராத்தியர், ராஜபுத்திரர், கூர்க்கர். குதிரையை நன்கு அறிந்த நிலங்களிலிருந்து வந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஜனவரிக் கடைசியில் இறைச்சி தீர, படையின் குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் அடிக்கத் தொடங்கினார்கள். ஆங்கிலேயச் சிப்பாய்கள் தின்றார்கள். இந்தியச் சிப்பாய்களில் பெரும்பாலோர், இந்துக்களும் முஸ்லிம்களும், தட்டைத் தள்ளினார்கள். இந்தியாவிலிருந்து சமயத் தலைவர்களின் அனுமதி கம்பியில்லாத் தந்தி வழியே வரவழைக்கப்பட்டது. அதன் பிறகும் பலர் அசையவில்லை. அவர்கள் அஞ்சியது நரகத்துக்கு அல்ல, ஊருக்கு. திரும்பிப் போனால் ஒதுக்கிவைப்பார்கள், பெண் கொடுக்கல் வாங்கல் நின்றுபோகும்.

விளைவு மருத்துவக் குறிப்புகளில் தெளிவாகப் பதிந்திருக்கிறது. வெள்ளை மாவு ரொட்டி தின்ற ஆங்கிலேயருக்கு முதலில் பெரிபெரி வந்தது. தவிடு நீக்காத கோதுமை மாவில் ரொட்டி சுட்ட இந்தியருக்கு அது வரவில்லை. ஆனால் காய்கறியும் இறைச்சியும் இல்லாத இந்தியரை ஸ்கர்வி பிடித்தது. குதிரைக் கறி தின்ற ஆங்கிலேயர் அதிலிருந்து தப்பினார்கள். ஏப்ரலில், பசி கண்ணை மறைத்த பிறகுதான், ஆயிரக்கணக்கானோர் இறங்கிவந்தார்கள். காலம் கடந்துவிட்டது. முற்றுகை ஏப்ரல் 29இல் சரணடைதலில் முடிந்தது. சுமார் 13,000 பேர் கைதானார்கள். அவர்களில் பலர் வீடு திரும்பவேயில்லை.

ஐரோப்பாவின் கதை எதிர்த்திசையில் ஓடியது. அங்கே விலக்கு எழுத்தில் இருந்தது. 732 வாக்கில் போப் மூன்றாம் கிரிகோரி, ஜெர்மானியரிடையே ஊழியம் செய்த போனிஃபேஸுக்குக் கடிதம் எழுதி, குதிரை உண்பதைத் தடுக்கச் சொன்னார். எழுதியதால் எழுத்தாலேயே நீங்கியது. 1866இல் பிரான்ஸ் குதிரைக் கறிக்கடைகளைச் சட்டப்படி அனுமதித்தது. வண்டி இழுத்து ஓய்ந்த குதிரைகள் பாரிசில் மலிந்து கிடந்தன, ஏழைகளுக்கு மலிவான கறி வேண்டியிருந்தது. கசாக்கியருக்கு அது விருந்துணவு. ஜப்பானின் குமமோட்டோவில் பச்சையாகவே சீவித் தின்கிறார்கள். அதே ஐரோப்பாவில் 2013இல் மாட்டிறைச்சி என்று விற்ற பர்கரிலும் லசான்யாவிலும் குதிரை கலந்திருந்தது தெரிந்ததும் பிரிட்டனும் அயர்லாந்தும் கொதித்தன. ஏமாற்றியது ஒரு கோபம், குதிரை என்பது இன்னொரு கோபம். ஆகவே இந்த அருவருப்பைத் தமிழனின் தனிச்சொத்து என்று கொண்டாட ஒன்றுமில்லை.

இந்தியாவில் இந்த வேலி தளர்ந்தது குதிரையிடம் அல்ல, அதன் ஏழை உறவிடம். ஆந்திராவின் குண்டூர், பிரகாசம் பகுதிகளில் கழுதைக் கறி உடலுக்கு வலு தரும் என்ற நம்பிக்கையில் இரகசியமாக விற்கப்பட்டு, அதிகாரிகள் சோதனை நடத்தும் அளவுக்குப் போனது. 2012இல் நாட்டில் 3.2 லட்சமாக இருந்த கழுதைகள் 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் 1.2 லட்சமாகக் குறைந்தன. பாரம் சுமக்கும் வேலை வண்டிக்குப் போனது பெரிய காரணம். கறியும் தோலும் அதோடு சேர்ந்துகொண்டன.

அதே கணக்கெடுப்பில் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் சேர்த்து 3.4 லட்சம்; ஏழு ஆண்டுகளில் ஏறக்குறையப் பாதி குறைந்துவிட்டன. உணவுப் பாதுகாப்பு விதிகள் இறைச்சிக்கு ஒப்புக்கொள்ளும் விலங்குகளின் பட்டியலில் செம்மறி, வெள்ளாடு, பன்றி, மாட்டினம் உண்டு. கோழியினமும் மீனும் உண்டு. குதிரையும் கழுதையும் இல்லை.