சாம்ப்ஸ்: ஒரு தீவை ஓட வைத்த பள்ளிப் போட்டி

2008 ஆகஸ்ட், பெய்ஜிங் ஒலிம்பிக். பெண்களுக்கான 100 மீட்டர் இறுதிப் போட்டியில் ஷெல்லி ஆன் ஃப்ரேசர் 10.78 வினாடிகளில் முதலில் வந்தார். ஷெரோன் சிம்ப்சனும் கெரான் ஸ்டீவர்ட்டும் ஒரே நேரத்தில் கோட்டைத் தொட்டதால் இருவருக்கும் வெள்ளி. மூவருமே ஜமைக்காக்காரர்கள். முப்பது லட்சம் மக்கள்கூட இல்லாத தீவுக்கு இது எப்படிச் சாத்தியம் என்று உலகம் வியந்தது. மரபணு, உணவு, மலைக்காற்று என்று பல காரணங்கள் அலசப்பட்டன. ஜமைக்காவில் இந்தக் கேள்வியைக் கேட்டால், பலர் அந்தப் பெண்கள் படித்த பள்ளிகளைத்தான் சொல்வார்கள்: உல்மர்ஸ், மான்செஸ்டர் ஹை, செயின்ட் ஜாகோ.

இந்தப் பள்ளிகளையெல்லாம் இணைப்பது ஆண்டுதோறும் நடக்கும் ஒரு தடகளப் போட்டி. மேல்நிலைப் பள்ளிகளுக்கு இடையிலான அந்தப் போட்டியைச் சுருக்கமாக 'சாம்ப்ஸ்' என்கிறார்கள்.

அது தொடங்கிய ஆண்டு 1910. ஜமைக்கா அப்போது பிரிட்டிஷ் காலனி. தலைநகர் கிங்ஸ்டனில், கிரிக்கெட் ரசிகர்களுக்கு நன்கு தெரிந்த சபீனா பார்க் மைதானத்தில் ஆறு ஆண்கள் பள்ளிகள் மோதின. முதல் கோப்பை உல்மர்ஸ் பள்ளிக்கு. ஜான் உல்மர் என்ற பொற்கொல்லர் 1729-இல் உயில் எழுதிவைத்த சொத்தில் உருவான பள்ளி அது.

முதல் சாம்ப்ஸுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அந்தப் பள்ளியின் பழைய மாணவர் ஜி.சி. ஃபாஸ்டர், லண்டன் ஒலிம்பிக்கில் ஓடும் ஆசையில் வாழைப்பழக் கப்பலேறிப் போயிருந்தார். ஜமைக்கா ஒலிம்பிக் அமைப்பில் உறுப்பினர் அல்ல என்பதால் அவரை ஓட விடவில்லை. ஊர் திரும்பியவர் பிற்பாடு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சியாளரானார். உடற்கல்வி ஆசிரியர்களையும் பயிற்சியாளர்களையும் உருவாக்க 1980-இல் தொடங்கிய கல்லூரிக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

சாம்ப்ஸின் முதல் நட்சத்திரம் நார்மன் மேன்லி. ஜமைக்கா காலேஜ் என்ற பள்ளியின் மாணவரான அவர் 1911-இல் 100 கெஜத்தை 10 வினாடிகளில் ஓடினார். புல்தரையில் ஓடி எட்டிய அந்தச் சாதனையை 1952 வரை எந்தப் பள்ளி மாணவராலும் முறியடிக்க முடியவில்லை. மேன்லியோ ஆக்ஸ்ஃபோர்டில் சட்டம் படித்து, வழக்கறிஞராகி, நாட்டின் முதன்மை அமைச்சராகவே ஆகிவிட்டார். இன்று அவர் ஜமைக்காவின் தேசிய நாயகர்களில் ஒருவர்.

மேன்லியின் சாதனை விழுந்த அதே 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் நடந்தது. ஆர்தர் விண்ட், லெஸ்லி லெய்ங், ஹெர்ப் மெக்கென்லி, ஜார்ஜ் ரோடன் ஆகிய நால்வரும் 4x400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் அமெரிக்காவை முந்தினார்கள். 3 நிமிடம் 3.9 வினாடி, உலக சாதனை. அவர்களில் மெக்கென்லி, தான் படித்த கேலபார் பள்ளிக்கே திரும்பிப் போய்ப் பயிற்சியாளராக நின்றார். ஓடி முடித்தவர் அடுத்த தலைமுறையை ஓட வைக்க வந்தது சாம்ப்ஸின் பெரும் பலம். கேம்பர்டவுன் பள்ளியில் பயிற்சி தரத் தொடங்கிய கிளென் மில்ஸ்தான் பின்னாளில் உசேன் போல்ட்டின் பயிற்சியாளர்.

1962-இல் நாடு விடுதலை பெற்றது. அதே ஆண்டு கிங்ஸ்டனில் தேசிய அரங்கம் திறக்கப்பட்டது. அந்த ஆண்டிலிருந்து 1975 வரை தொடர்ந்து 14 முறை கோப்பையை வென்றது கிங்ஸ்டன் காலேஜ். பெண்களுக்கான போட்டி 1957-இல் தனியாகத் தொடங்கி, 1999-இல் ஆண்களுடன் ஒன்றாக இணைந்தது. ஓட்டப் பந்தய வீராங்கனைகள் மெர்லின் ஓட்டியும் வெரோனிகா கேம்பலும் படித்த வியர் டெக்னிக்கல், நகரத்தை விட்டுத் தள்ளியிருந்தும் பெண்கள் பிரிவை ஆண்டுக்கணக்கில் ஆண்டது.

போட்டியின் அமைப்பிலேயே அதன் ஈர்ப்பு இருக்கிறது. பிள்ளைகளை வயதுவாரியாகப் பிரிக்கிறார்கள். முதலில் வருபவருக்கு மட்டுமல்லாமல் அவருக்குப் பின்னால் வருபவர்களுக்கும் புள்ளி உண்டு. பன்னிரண்டு, பதிமூன்று வயதுச் சிறுவன் ஐந்தாவதாக வந்து சேர்க்கும் புள்ளியும் பள்ளியின் கணக்கில் ஏறும். அதனால் யார் ஓட்டமும் வீணில்லை. மார்ச் மாதத்தில் தேசிய அரங்கம் நிரம்புகிறது. கிங்ஸ்டன் காலேஜின் ஊதாவும் கேலபாரின் பச்சை-கறுப்பும் எதிரெதிரே ஆர்ப்பரிக்கின்றன. தாத்தா வயதுப் பழைய மாணவர்களும் பள்ளி நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு வருகிறார்கள். தொலைக்காட்சியில் நாடே பார்க்கிறது. 2003-இல் வில்லியம் நிப் பள்ளியின் பதினாறு வயதுப் போல்ட், 200 மீட்டரை 20.25 வினாடிகளிலும் 400 மீட்டரை 45.35 வினாடிகளிலும் ஓடியது இந்தக் கூட்டத்தின் முன்னால்தான்.

இத்தனை கண்களும் பார்ப்பது பிள்ளைகளை என்பதுதான் கவலை. ஒரே மாணவி சில நாட்களுக்குள் தகுதிச் சுற்று, அரையிறுதி, இறுதி என்று ஓடிவிட்டுத் தொடர் ஓட்டத்துக்கும் நிற்க வேண்டியிருக்கிறது. வளரும் உடம்பு எவ்வளவு தாங்கும் என்ற கேள்வி ஜமைக்காவில் ஓயாமல் எழுகிறது. திறமையான பிள்ளைகளைப் பெரிய பள்ளிகள் இழுத்துக்கொள்வதால் சிறிய பள்ளிகள் வறண்டுபோகின்றன என்ற மனக்குறையும் பழையது. நாட்டின் பெரும்பாலான பள்ளிகளில் இன்றும் பயிற்சி புல்தரையில்தான். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்கு அமெரிக்கக் கல்லூரி உதவித்தொகைதான் வெளியேறும் வழி. அது சிலருக்கே கிடைக்கிறது.

உதவித்தொகை பெற்றுப் போனவர்களிலும் சிலர் இடைவிடாத கல்லூரிப் போட்டிகளில் களைத்துப் போனார்கள். திறமை ஊரிலேயே வளரட்டும் என்று 1999-இல் பயிற்சியாளர் ஸ்டீஃபன் பிரான்சிஸ் கிங்ஸ்டனில் எம்.வி.பி. என்ற தடகளக் குழுவை ஆரம்பித்தார். பள்ளி நாட்களில் பெரிதாகக் கவனிக்கப்படாதவர்களுக்கும் அங்கே இடமிருந்தது. அப்படிச் சேர்ந்தவர்தான் அசாஃபா பவல். சாம்ப்ஸில் அவர் வென்றதே இல்லை. 2005 ஜூனில் ஏதென்ஸ் நகரில் 100 மீட்டரை 9.77 வினாடிகளில் ஓடி அவர் உலக சாதனை படைத்தார்.