கட்டற்ற மென்பொருள்: நிரல் பகிர்வும் உரையாடலும்

கட்டற்ற மென்பொருள், திறந்த மூல மென்பொருள் என்று இரு பெயரில் வழங்கும் மென்பொருள் வகையில் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்குக் கொடுக்கலாம். இந்த உரிமையைத் தருவது உரிம ஆவணம். உரிமை கிடைத்ததாலேயே ஒருவர் பங்களிப்பாளராகிவிடுவதில்லை. எந்தப் பிழையை ஏற்கெனவே பேசித் தீர்த்தார்கள், ஒரு திருத்தத்தை ஏன் ஒதுக்கினார்கள், சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்பவை பெரும்பாலும் நிரலுக்குள் இருப்பதில்லை. நிரலாளர்கள் பேசிக்கொண்ட இடத்தில்தான் இருக்கும். கடந்த நாற்பது ஆண்டுகளில் நிரலைப் பகிர்வது மேலும் மேலும் எளிதாகிவந்திருக்கிறது. பேச்சைப் பொதுவில் சேமிப்பது அதே வேகத்தில் வளரவில்லை. சில கட்டங்களில் பின்னுக்கும் போயிருக்கிறது. பெருநகரங்களில் இந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது, அங்கே பக்கத்து மேசைக்காரரிடம் கேட்டுக்கொள்ளலாம். தருமபுரி போன்ற மாவட்டத்தின் நிலை வேறு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்குள்ள 15,06,843 பேரில் நகர்ப்புறத்தில் வாழ்பவர்கள் ஏறத்தாழ 17 விழுக்காடுதான், எழுத்தறிவு 68.54 விழுக்காடு, மாநிலத்திலேயே மிகக் குறைவு. செட்டிக்கரையில் அரசு பொறியியல் கல்லூரி வந்ததே 2013இல்தான். இப்படிப்பட்ட இடத்திலிருந்து ஒருவர் உள்ளே வர வேண்டுமென்றால், முன்னால் நடந்த பேச்சைத் தானே தேடிப் படிக்க முடிய வேண்டும்.

தொடக்கத்தில் நிரலும் பேச்சும் ஒரே பாதையில்தான் பயணித்தன. ரிச்சர்ட் ஸ்டால்மன், கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் குனூ திட்டத்தை, 1983 செப்டம்பரில் அறிவித்தது யூஸ்நெட் செய்திக் குழு ஒன்றில். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்டில், பின்னர் லினக்ஸ் எனப்பட்ட தன் பொழுதுபோக்கு இயங்குதளத்தைப் பற்றி முதலில் சொன்னதும் அத்தகைய குழுவில்தான். 1985இல் லாரி வால் எழுதிய ‘பேட்ச்’ என்ற சிறு நிரல் இங்கே பலர் நினைப்பதைவிட முக்கியமானது. இரு கோப்புகளுக்கு இடையிலான வேறுபாட்டை மட்டும் சில வரிகளாக மடலில் அனுப்பினால் போதும், பெறுபவரின் கணினியில் அது முழுத் திருத்தமாகப் பொருந்திவிடும். முழு நிரலையும் அனுப்பத் தேவையில்லாததால் மெதுவான இணைப்பிலும் வேலை நடந்தது. திருத்தம் எதற்காக என்ற விளக்கமும் அதே மடலிலேயே இருந்தது. காரணமும் நிரலும் பிரியவில்லை. பின்னாளில் வசதிகள் பெருகியபோது நழுவியது இந்தச் சேர்க்கைதான்.

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அதற்கு முன்பே எர்நெட் என்ற கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பு வழியாகச் சில கல்வி நிறுவனங்கள் இணைந்திருந்தன. பெரும்பாலானவர்களுக்கு லினக்ஸ் வந்தது கம்பி வழியாக அல்ல, குறுந்தட்டாக. பி.சி. குவெஸ்ட் இதழ் 1996இலிருந்து லினக்ஸ் குறுந்தட்டுகளை இதழோடு கொடுத்தது. உபுண்டு என்ற லினக்ஸ் வகையை வெளியிடும் நிறுவனம் 2005 முதல் 2011 வரை கேட்டவர்களுக்கெல்லாம் இலவசமாகக் குறுந்தட்டுகளை அஞ்சலில் அனுப்பியது. அஞ்சல்காரர் போகும் ஊருக்கெல்லாம் மென்பொருள் போய்விட்டது. தருமபுரி மாவட்டத்தின் அரூருக்கும் பென்னாகரத்துக்கும், சென்னைக்கும் அதில் வேறுபாடு இல்லை. ஆனால் குறுந்தட்டில் வந்தது முடிந்த பொருள் மட்டுமே, அதைச் செய்தவர்களின் பேச்சு அதில் இல்லை. சென்னை லினக்ஸ் பயனர் குழுவின் மாதக் கூட்டம் சென்னை ஐ.ஐ.டி.யில் இரண்டாம் சனிக்கிழமைகளில் நடந்தது. தருமபுரியிலிருந்து ஏறத்தாழ முந்நூறு கிலோமீட்டர். அந்தத் தூரத்தைச் சமன்செய்தது அக்குழுவின் மின்மடல் பட்டியல்தான்.

தமிழ்க் கணிமையின் மிகப் பெரிய உரையாடல் நிரலைப் பற்றியதுகூட அல்ல, எழுத்தைப் பற்றியது. 1990களில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியாக்கம் வைத்திருந்தது. ஒருவர் தட்டியதை மற்றவர் படிக்க அதே எழுத்துரு வேண்டும். பாலா பிள்ளை 1995இல் தொடங்கிய தமிழ்.நெட் சார்ந்த மடற்குழுவில் 1997 முதல் இதற்குப் பொதுத் தீர்வு தேடினார்கள். சுவிட்சர்லாந்தின் லோசானில் வேதியியலாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம், மலேசியாவின் முத்து நெடுமாறன், அமெரிக்காவிலிருந்து மணி மணிவண்ணன் எனப் பல நாடுகளிலிருந்து எழுதினார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் திஸ்கி குறியாக்கம். எந்த அரசும் ஆணையிட்டுச் செய்ததல்ல அது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பின் தமிழக அரசு டாம், டாப் என்ற வேறு குறியாக்கங்களை ஏற்றது. ஆனாலும் கடல் கடந்த தமிழர்களிடையே திஸ்கி பல ஆண்டுகள் நீடித்தது, 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் அதில் வந்தன. 2002இல் ஜெர்மானிய நிரலாளர் புரூனோ ஹைபிள் குனூ சி நூலகத்துக்கு ஒரு திஸ்கி மாற்றியை எழுதிக் கொடுத்தார். லினக்ஸ் கணினிகளின் அடித்தளமாக உள்ள அந்த நூலகத்தில் அவர் திஸ்கியைச் சேர்க்க முடிந்ததற்கு, குறியாக்கத்தின் வரையறை பொதுவில் எழுதி வைக்கப்பட்டிருந்தது முதன்மையான காரணம். ஒரு முரணையும் இங்கே சொல்ல வேண்டும். தமிழ் எழுத்துகளைக் கணினியில் எப்படி வைப்பது என்ற விவாதம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடந்தது. மடலில் தமிழ் எழுதப் பொதுவான வழியில்லாததுதானே விவாதத்தின் பொருளே.

லினக்ஸைத் தமிழாக்கும் வேலை 2000களின் தொடக்கத்தில் யாஹூ குழுமம் ஒன்றில், தமிழினிக்ஸ் என்ற பெயரில், வளர்ந்தது. கேடிஇ, குனோம் பணிச்சூழல்களுக்குத் தமிழ் முகம் கிடைத்த காலம் அது. குழுமம் இலவசம், யார் வேண்டுமானாலும் ஒரே நாளில் தொடங்கலாம். உலகெங்கும் தன்னார்வலர்கள் அப்படித்தான் செய்தார்கள். இடமோ யாஹூவுக்குச் சொந்தம். 2019 அக்டோபரில் குழுமங்களின் உள்ளடக்கத்தை நீக்கப்போவதாக யாஹூ அறிவித்தது, 2020 டிசம்பரில் சேவையையே மூடியது. ஆண்டுக்கணக்கான மடல்களை, யாராவது நினைவாகத் தரவிறக்கியிருந்தால் ஒழிய, பொதுவில் இனிப் படிக்க முடியாது. அதே காலத்தில் எழுதப்பட்ட தமிழாக்கக் கோப்புகளோ கேடிஇயின் களஞ்சியத்தில் இன்றும் இருக்கின்றன. இதை ஒரு இழப்பாகவே கருதாதவர்கள் உண்டு. நிரல்தான் முடிவான சாட்சி, பேச்சு கட்டுமானத்தின்போது போட்ட சாரம், கட்டடம் எழுந்தபின் சாரத்தைப் பிரித்துவிடுவார்கள் என்பது அவர்கள் வாதம். இதில் ஓரளவு உண்மை உண்டு. பெரும்பாலான மடல்கள் வாழ்த்து, வசை, திரும்பத் திரும்ப வந்த கேள்விகள். ஆனால் கட்டடம் முடிந்துவிடும், மென்பொருள் முடிவதில்லை. இருபது ஆண்டு கழித்து அதே பகுதியைத் திருத்த வருபவர், கைவிடப்பட்ட வழிகள் எவை என்று தெரியாமல் அவற்றையே மறுபடி முயல்கிறார். நிரல் வென்ற முடிவை மட்டுமே காட்டும், தோற்ற வழிகளின் காரணங்கள் பேச்சில்தான் இருந்தன.

அரசு இந்தக் களத்துக்கு வந்தது சற்றுப் பிந்தி, ஆனால் பெரிய அளவில். 2005இல் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையம் சென்னை சி-டாக் நிறுவனத்தையும் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்திலுள்ள ஏயூ-கேபிசி ஆய்வு மையத்தையும் கொண்டு அமைக்கப்பட்டது. டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸ் 2007இல் வெளிவந்தது. தமிழக அரசின் எல்காட் நிறுவனம், சி. உமாசங்கர் மேலாண் இயக்குநராக இருந்தபோது, தன் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்து நிறுவிக் கொடுத்தார்கள். தருமபுரி மாவட்ட அரசுப் பள்ளி மாணவர்களின் கைக்கு ஒரு முழுமையான கட்டற்ற இயங்குதளம், தமிழ் இடைமுகத்தோடு, செலவில்லாமல் வந்தது இப்படித்தான். பலர் அதைத் திறக்காமலே விண்டோஸில் நின்றார்கள். மாணவருக்கு ஆர்வமில்லை, வேலைச் சந்தை விண்டோஸைக் கேட்கிறது என்று வழக்கமாகச் சொல்வார்கள். அது பாதிக் காரணம்தான். பாஸில் ஒரு எழுத்து உடைந்து தெரிந்தால் எங்கே சொல்வது, சொன்னால் தமிழில் சொல்லலாமா, பதில் எங்கே வரும் என்பதெல்லாம் மடிக்கணினியோடு வரவில்லை. பெரும்பாலான வீடுகளில் இணையமும் அப்போது இல்லை. குறுந்தட்டுக் காலத்தின் அதே குறை, இம்முறை அரசுச் செலவில். பாடத்திட்டம் ஓரளவு கைகொடுத்தது. 2018இல் மாறிய பதினொன்றாம் வகுப்புப் பாடநூல்களில் உபுண்டுவும் ஓப்பன் ஆஃபீசும் இடம்பெற்றன, அடுத்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புக்குப் பைத்தான் வந்தது. கருவியைப் பாடமாக்கினார்கள். பிழையறிக்கை எழுதுவது, பிறர் நிரலைப் படித்துக் கருத்துச் சொல்வது போன்ற பழக்கங்கள் பாடமாகவில்லை.

2005 ஏப்ரலில் டோர்வால்ட்ஸ் கிட் என்ற கருவியை எழுதினார். லினக்ஸ் கருநிரலாளர்கள் அதுவரை பயன்படுத்திய பிட்கீப்பர் அப்போது ஒரு நிறுவனத்தின் சொத்தாக இருந்தது. இலவசப் பயன்பாட்டை அது நிறுத்தியதும் மாற்று தேவைப்பட்டது. கிட்டின் அடிப்படை எண்ணம் எளிது: நகலெடுக்கும் ஒவ்வொருவரிடமும் முழு வரலாறும் இருக்கும், மையக் கணினி என்று ஒன்று கட்டாயமில்லை. 2008இல் கிட்ஹப் தளம் இதன்மீது எழுந்தது. தமிழில் இதன் பயன் பெரிது. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் நிரலாக்க மொழியும், தமிழ் உரையைக் கையாளும் ஓப்பன்-தமிழ் பைத்தான் நூலகமும் அங்கே கிடைக்கின்றன. 2012 ஜனவரியில் தொடங்கிய கணியம் மின்னிதழைச் சுற்றி வளர்ந்த கணியம் அறக்கட்டளை, செய்ய வேண்டிய திட்டங்களின் யோசனைகளை கிட்ஹப்பில் ஒரு பட்டியலாகவே திறந்து வைத்திருக்கிறது. தமிழிலேயே எழுதலாம், பதில் சொல்லலாம், ஒரு வேலையை எடுத்துக்கொள்ளலாம். பழைய மடற்குழுவில் ஒரு கேள்விக்கான விடையைத் தேடிப் பிடிப்பதைவிட இது எவ்வளவோ எளிது. எனவே, பேச்சு பின்னடைந்தது என்ற கூற்று கிட்ஹப்பைப் பார்த்தபின் நிற்குமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விடை கிட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. ஒரு களஞ்சியத்தை நகலெடுத்தால் நிரலும் அதன் வரலாறும் வரும். அங்கே நடந்த பிழை விவாதங்கள், திருத்தக் கோரிக்கைகளின் கீழ் எழுந்த வாக்குவாதங்கள் ஆகியவை வருவதில்லை, நிறுவனத்தின் கணினியில் நின்றுவிடுகின்றன. தனியே இறக்கிக்கொள்ள வழி உண்டு என்பார்கள். யாஹூவிலும் இருந்தது, செய்தவர்கள் சிலரே. நிரலுக்கு மையம் வேண்டாம் என்று எழுதிய கருவியின்மேல் உலகமே ஒரு மையத்தில் போய்ப் பேச அமர்ந்தது. 2018இல் மைக்ரோசாஃப்ட் 750 கோடி டாலருக்கு கிட்ஹப்பை வாங்கியபோது பணம் கொடுத்தது நிரலுக்காக அல்ல, நிரல் எல்லோரிடமும் இருக்கிறது. கூடிய கூட்டத்துக்காகத்தான்.

அடுத்த கட்டம் கைப்பேசி. 2016 செப்டம்பரில் ஜியோ கைப்பேசிச் சேவை வந்தபின் தரவு விலை சரிந்தது, ஊரகத் தமிழகம் முதன்முறையாகத் தாராளமாக இணையத்துக்கு வந்தது. பேச்சு வாட்ஸ்அப்புக்கும் டெலிகிராமுக்கும் காணொளிச் சந்திப்புகளுக்கும் இடம் பெயர்ந்தது. பலர் உள்ளே வந்தது உண்மை. தட்டச்சு வராதவர் குரலில் கேட்கலாம் என்பதும் சிறிய விஷயமல்ல. விலையும் இருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் நேற்றுச் சேர்ந்தவருக்கு முந்தைய நாள் பேச்சு தானாகத் தெரியாது, தேடுபொறிக்கு எதுவுமே தெரியாது. அதே கேள்வியை மாதந்தோறும் யாரோ கேட்க, பொறுமையுள்ள ஒருவர் அதே விடையை எழுதிக்கொண்டிருக்க வேண்டும். அவர் களைத்துப்போனால் குழு அடங்கிவிடும். இது புதுக் கருவிகளுக்கு மட்டும் உரிய குறையென்று சொல்வது சரியாகாது. பழைய ஐ.ஆர்.சி. அரட்டையிலும் பதிவு தானாக நிற்காது. 2021இல் ஃப்ரீநோட் என்ற ஐ.ஆர்.சி. வலையமைப்பு கைமாறியபோது பல திட்டங்கள் சில நாட்களில் வெளியேற வேண்டியிருந்தது. பழையது நல்லது, புதியது கெட்டது என்பதல்ல பிரச்சினை. பதிவு யார் கையில், அதை நகலெடுக்க முடியுமா என்பதே.

இரண்டு மறுப்புகள் எஞ்சியிருக்கின்றன. தமிழில் பேசினால் உலகத்திலிருந்து ஒதுங்கிவிடுவோம், ஆங்கிலமே பொதுமொழி என்பது முதலாவது. மூலத் திட்டங்களோடு பேச ஆங்கிலம் வேண்டியிருப்பதை மறுக்க முடியாது. ஆனால் தொடங்குபவர் முதல் நாளே அங்கே போவதில்லை. முதல் ஐயங்களைத் தாய்மொழியில் தீர்த்துக்கொண்டவரே பின்னர் ஆங்கிலத்தில் ஒரு பிழையறிக்கை எழுதத் துணிகிறார், து. நித்யா எழுதிய ‘எளிய தமிழில்’ வரிசை நூல்கள் பயன்படுவது அந்த முதல் படியில்தான். இரண்டாவது மறுப்பு, இதெல்லாம் நேரில் கூடினால்தான் நடக்கும், எழுத்துப் பதிவால் யாரும் நிரலாளர் ஆவதில்லை என்பது. விழுப்புரம் இதற்குச் சாதகமான சான்றாகவே தோன்றும். தருமபுரியைப் போலவே ஊரகப் பெரும்பான்மை கொண்ட அந்த மாவட்டத்தில் குனூ/லினக்ஸ் பயனர் குழு ஒன்று மாணவர்களை நேரில் கூட்டிப் பயிற்சி தந்துவருகிறது. நேர்ச்சந்திப்பு ஆளை உருவாக்குகிறது, மறுக்க வேண்டியதில்லை. அப்படி உருவானவர் ஓசூருக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போய்விட்டால் ஊரில் எஞ்சுவது என்ன என்று கேட்டால் பதிவின் தேவை திரும்பி வந்துவிடும். தேசிய நெடுஞ்சாலை 44இல் பெங்களூருக்கும் சேலத்துக்கும் நடுவில் இருக்கும் தருமபுரிக்கு இந்தக் கேள்வி மற்ற மாவட்டங்களைவிட அருகில் இருக்கிறது.

தொழில்நுட்ப அளவில் இதற்குத் தீர்வு கண்டவர்கள் இருக்கிறார்கள். டெபியனின் பிழைப் பதிவேடு இன்றும் மின்மடலால் இயங்குகிறது. லினக்ஸ் கருநிரலின் மடற்குழுக்கள் இப்போது லோர் என்ற காப்பகத்தில் வைக்கப்படுகின்றன. அந்தக் காப்பகம் கிட் களஞ்சியங்களாகவே அமைக்கப்பட்டிருப்பதால், நிரலைப் போலவே பல ஆண்டுப் பேச்சையும் எவரும் முழுதாக நகலெடுத்துத் தம் கணினியில் வைத்துக்கொண்டு இணையமில்லாமலே தேடலாம். வெறும் எழுத்து என்பதால் அதற்குப் பெரிய வன்பொருள் தேவையில்லை. 2011இல் பள்ளியில் கொடுத்த மடிக்கணினிகூடப் போதும். தமிழ்த் திட்டங்களில் களஞ்சியத்துக்குள் வருவது இன்னும் பெரும்பாலும் நிரலும் ஆவணமும் மட்டுமே.