காவிரியில் பரிசல், மேடிசனில் துடுப்புப் படகு

சிவனசமுத்திரத்து அருவிகளைத் தாண்டியதும் காவிரி காட்டுக்குள் போய்விடுகிறது. அங்கிருந்து மேக்கேதாட்டு வரைக்கும் பாறையும் மடுவும் மணல்திட்டும்தான்; கரையெல்லாம் மருத மரங்கள். தொட்டமாகளி, பீமேஸ்வரி, காலிபோர் என்று இந்த வழியில் இருந்த முகாம்களைத் தேடி ஒரு காலத்தில் பல நாட்டுத் தூண்டில்காரர்கள் வந்தார்கள். உள்ளூர்க்காரர் ஒருவர் பரிசல் தள்ள, விருந்தாளி தூண்டிலோடு உட்கார்ந்திருப்பார்.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஓடும் மேடிசன் ஆறு, யெல்லோஸ்டோன் பூங்காவுக்குள் ஃபயர்ஹோல், கிப்பன் என்ற இரு ஆறுகள் கூடும் இடத்தில் பிறக்கிறது. என்னிஸ் என்ற சிற்றூரைக் கடந்து, த்ரீ ஃபோர்க்ஸ் அருகே ஜெஃபர்சன் ஆற்றோடு கலந்து மிசௌரியாகிறது. அங்கும் வழிகாட்டி படகு வலிக்க, விருந்தாளி தூண்டில் வீசுகிறார். அங்கே அந்தத் தொழில் இன்றும் நடக்கிறது. காவிரியின் சரணாலயப் பகுதியில் அது நின்று பத்தாண்டுகளுக்கு மேலாகிறது.

இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க எனக்கு ஒரு வலுவான காரணம் உண்டு. இரண்டு ஆறுகளிலும் மனிதர்கள் நல்லெண்ணத்தோடு பொரிப்பக மீன்களைக் கொண்டுவந்து விட்டார்கள். இரண்டிலும் அதனால் கேடு வந்தது. இரண்டிலும் அந்தக் கேடு கணக்கில் ஏறியது. மேடிசனில் கணக்கைப் படித்தவர்கள் காலத்தில் படித்தார்கள். காவிரியின் கணக்கைப் படித்து முடித்தபோது கணக்கு எழுதியவர்களே ஆற்றில் இல்லை.

முதலில் மீன். காவிரியின் பெருமை மஹசீர், அதிலும் முதுகு கூனி, துடுப்புகள் ஆரஞ்சு நிறமாக இருக்கும் கூன்முதுகு மஹசீர். கெண்டைக் குடும்பத்து மீன்தான். ஆனால் ஐம்பது கிலோவைத் தாண்டி வளரும். சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் எழுதிய தூண்டில் நூல் இந்தியாவின் மஹசீரை ஆங்கிலேயர்களுக்கு அறிமுகப்படுத்தியது. 1946இல் மைசூரில் விலங்குகளைப் பாடம் செய்யும் தொழிலுக்குப் பேர்போன வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர், கபினியில் 120 பவுண்டு மீன் ஒன்றைப் பிடித்தார். சுதந்திரத்துக்குப் பிறகு இந்த மீன் அழிந்தே போனது என்று வெளிநாட்டில் பலர் நம்பினார்கள். 1977இல் இந்தியா வந்த ஓர் ஆங்கிலேயத் தூண்டில் குழு, அது காவிரியில் இருக்கிறது என்று உலகுக்குக் காட்டியது. முகாம்களின் காலம் அதற்குப் பிறகுதான் களைகட்டியது.

மேடிசனின் மீன் டிரவுட். மூன்று நான்கு கிலோ எடையுள்ள டிரவுட் அங்கே பெரிய பேச்சு. கூன்முதுகு மஹசீரின் முன் அது குஞ்சு. ஆனால் தூண்டில் கலையில் எடை மட்டுமே அளவாகாது. மேடிசனில் இரையே இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சி. எந்த வாரத்தில் எந்தப் பூச்சி தண்ணீரிலிருந்து எழும், மீன் எதை அண்ணாந்து பார்க்கும் என்பதை அறிந்து அதே உருவில் பூச்சி கட்ட வேண்டும். ஜூன் கடைசியிலும் ஜூலைத் தொடக்கத்திலும் சால்மன் ஈ எனப்படும் விரல் நீளப் பூச்சிகள் கரைப் புதர்களில் மொய்க்கும்போது வழிகாட்டிகளுக்குத் தூக்கமே இருக்காது. படகின் நடுவில் வழிகாட்டி உட்கார்ந்து, ஓட்டத்துக்கு எதிராகத் துடுப்பை வலித்து, படகின் வேகத்தைத் தண்ணீரின் வேகத்தைவிடக் குறைத்துப் பிடிக்கிறார். முன்னும் பின்னும் இருக்கும் விருந்தாளிகளின் பூச்சி இயல்பாக மிதந்து போவது அவருடைய தோள் வலிமையில் இருக்கிறது.

காவிரியில் இரை கேழ்வரகுக் களி. களியைக் கெட்டியாகப் பிசைந்து உருண்டை பிடித்து முள்ளில் ஏற்றி மடுவில் போட்டுவிட்டுக் காத்திருப்பது முறை. கேட்க எளிது. பெரிய மீன் இழுத்துக்கொண்டு பாறை இடுக்குக்குள் புகுந்து நரம்பைச் சிக்கவைக்கும்போதுதான் வழிகாட்டியின் கை தெரியும். இருட்டிலும் பரிசலைச் சுழற்றிக்கொண்டு போய், எந்தப் பாறையின் எந்தப் பக்கத்தில் நரம்பு மாட்டியிருக்கும் என்று தடவி எடுப்பார். முகாம்களில் இவர்களை 'கில்லி' என்று ஸ்காட்லாந்துப் பெயரால் அழைத்தார்கள். அவர்களில் பலர் முன்பு அதே மடுக்களில் வலை கட்டியும் தோட்டா போட்டும் மீன் எடுத்தவர்கள். மீன் இருந்தால்தான் சம்பளம் என்றானதும், தோட்டாச் சத்தம் கேட்ட திசைக்கு முதலில் ஓடியவர்களும் அவர்களே. பிடித்த மீனை எடை போட்டு, படம் எடுத்து, மறுபடி ஆற்றில் விட்டுவிட வேண்டும் என்பது முகாம் விதி. எடையும் தேதியும் பதிவேட்டில் ஏறின.

இந்தப் பதிவேட்டில்தான் என் மனம் நிற்கிறது. காலிபோர் முகாமில் 1998 முதல் 2012 வரை எழுதப்பட்ட குறிப்புகளைப் பின்னாளில் ஆய்வாளர்கள் எடுத்து அலசினார்கள். 23,620 மணி நேரத் தூண்டில் உழைப்பு, 6,161 மஹசீர். முதல் பார்வைக்கு நல்ல செய்தி: ஆண்டுக்கு ஆண்டு கூடுதல் மீன்கள் சிக்கியிருந்தன. ஆனால் சராசரி எடை குறைந்துகொண்டே வந்தது. கூடியதெல்லாம் நீலத்துடுப்பு மஹசீர். அது காவிரியின் மீனே அல்ல, கிருஷ்ணா படுகையைச் சேர்ந்தது. மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் டாடா மின் நிறுவனம் நடத்திய பொரிப்பகத்தில் 1970களிலிருந்து அந்த இனத்தைப் பெருக்கிப் பல மாநில நீர்நிலைகளுக்குக் கொடுத்தார்கள். மஹசீர் குறைகிறதே என்ற கவலையில், மஹசீர் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்ற எண்ணத்தில், காவிரியிலும் விட்டார்கள். விட்டவர்கள் மீனை நேசித்தவர்கள். கூன்முதுகு மெல்ல மெல்ல ஒதுங்கியது. பெரிய மீன் வரவில்லையே என்று முகாமில் பேசிக்கொண்டிருப்பார்கள். வேற்றினம் ஆற்றை நிரப்புகிறது என்பது கூட்டிக் கழித்துப் பார்த்த பிறகே துலங்கியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நூற்றாண்டுக்கும் மேலாக உலகமே படம் எடுத்துக்கொண்ட இந்த மீனுக்கு அறிவியலில் சரியான பெயர் 2018 வரை இல்லை. அந்த ஆண்டில்தான் ஆய்வாளர்கள் இது டோர் ரெமாதேவி என்ற இனம் என்று உறுதிசெய்தார்கள். கேரளத்துப் பாம்பாற்றில் கிடைத்த சிறிய மீன்களை வைத்து 2007இலேயே விவரிக்கப்பட்ட இனம் அது. அந்தப் பாம்பாறு நம் அமராவதியின் தாயாறு. பெயர் கிடைத்த கையோடு, மிக அருகிய இனம் என்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலிலும் அது ஏறியது.

மேடிசனுக்கு வருவோம். அங்கும் ஆண்டுதோறும் பொரிப்பக டிரவுட்களை லாரியில் கொண்டுவந்து கொட்டினார்கள். விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு மீன் வேண்டும் அல்லவா! 1960களின் கடைசியில் மாநில மீன்துறை உயிரியலாளர் டிக் வின்சென்ட், தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சி மீன்களைச் சற்று மயங்கவைத்து எண்ணும் முறையில் மேடிசனின் மீன்களை ஆண்டுதோறும் கணக்கெடுத்தார். பிறகு ஒரு துணிச்சலான சோதனை. ஆற்றின் ஒரு பகுதியில் மீன் விடுவதை நிறுத்தினார்; அதுவரை மீன் விடாத ஓர் ஓடையில் விட்டுப் பார்த்தார். நிறுத்திய இடத்தில் காட்டு டிரவுட் பெருகியது. விட்ட இடத்தில் குறைந்தது. மீன் விடுவதை நிறுத்தினால் சுற்றுலா படுத்துவிடும் என்று எதிர்ப்பு கிளம்பியது. ஆனாலும் காட்டு டிரவுட் தானே வாழக்கூடிய ஆறுகளில் மீன் விடுவதை மொன்டானா 1974இல் கைவிட்டது. இன்று அந்த மாநிலத்தின் வழிகாட்டித் தொழில் முழுவதும் நிற்பது அந்த முடிவின்மேல்.

மேடிசன் குறையில்லாத ஆறு என்று நினைத்துவிடக் கூடாது. அங்கே கொண்டாடப்படும் பழுப்பு டிரவுட் ஐரோப்பாவிலிருந்தும், வானவில் டிரவுட் பசிபிக் கரையோர ஆறுகளிலிருந்தும் கொண்டுவரப்பட்டவை. அந்த ஆற்றின் சொந்த மீன்களான கட்த்ரோட்டும் கிரேலிங்கும் ஓரங்கட்டப்பட்டன. மொன்டானா காப்பாற்றியது வந்தேறி மீனின் காட்டு வாழ்க்கையை. காவிரியில் போய்க்கொண்டிருப்பதோ வேறெங்கும் கிடைக்காத, அந்தப் படுகைக்கே உரிய மீன். இழப்பின் எடை நம் பக்கம் பல மடங்கு கூடுதல். 1994இல் சுழல்நோய் என்ற ஒட்டுண்ணி நோய் மேடிசனில் தென்பட்டது. வானவில் டிரவுட் பெரும்பகுதி அழிந்தது. ஆனால் முந்தைய ஆண்டுகளின் எண்ணிக்கை கையில் இருந்ததால், விழுந்தது எவ்வளவு, பிறகு எழுந்தது எவ்வளவு என்று அவர்களால் சொல்ல முடிந்தது.

சட்டத்தில் ஓர் ஒற்றுமை என்னை வியக்கவைக்கிறது. மொன்டானாவின் இப்போதைய அரசியல் சட்டமும் இந்தியாவின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் ஒரே ஆண்டில் வந்தவை: 1972. மொன்டானா சட்டம் மாநிலத்தின் தண்ணீர் மக்களுடையது என்றது. அதை வைத்து நீதிமன்றம் தீர்ப்பு சொல்ல, 1985இல் ஆற்று அணுகல் சட்டம் பிறந்தது. கரை யாருடைய பண்ணையாக இருந்தாலும், வழக்கமான வெள்ளக் கோட்டுக்குள் யாரும் நடக்கலாம், படகு விடலாம், தூண்டில் போடலாம். இந்தியச் சட்டம் விலங்குக்குப் புகலிடம் தந்தது. 1987இல் காவிரிக் காடு சரணாலயமானது. சரணாலயத்தில் தூண்டிலும் வேட்டைக்குச் சமம் என்ற விளக்கம் பின்னாளில் வலுக்க, 2010க்குப் பிந்தைய ஆண்டுகளில் தூண்டில் நின்றது. பீமேஸ்வரியில் இப்போது கயாக்கும் கம்பியில் தொங்கிப் பறக்கும் விளையாட்டும் நடக்கின்றன.

தடை போட்டவர்களை நான் குறை சொல்லவில்லை. விட்டுவிடுவதற்காகப் பிடித்தாலும் மீனுக்கு வலியும் களைப்பும் உண்டு. ஒரு சரணாலயத்தில் அதற்கு இடமில்லை என்பது மதிக்கத்தக்க வாதம். நீலத்துடுப்பு மீனை வரவேற்றதில் தூண்டில் உலகுக்கும் பங்கு இருக்கிறது. ஆனால் தூண்டிலோடு சேர்த்துப் பதிவேட்டையும் மூடியதுதான் பிழை. மடுவின் ஓரத்தில் விடிய விடிய உட்கார்ந்திருந்த கண்களுக்கு மாற்று ஏற்பாடு எதுவும் செய்யப்படவில்லை. மேடிசனில் 2021 நவம்பர் கடைசி நாளில் ஹெப்கன் அணையின் மதகில் ஒரு பாகம் உடைந்து ஆற்றில் நீர் சட்டென்று வற்றியபோது, வழிகாட்டிகளும் ஊர்க்காரர்களும் வாளியோடு ஆற்றுக்குள் இறங்கி, குட்டைகளில் தவித்த டிரவுட்களை நடு ஓட்டத்தில் கொண்டுபோய் விட்டார்கள். தினமும் அங்கே இருப்பவர்களால்தான் அப்படி ஓட முடியும். தினமும் ஆட்கள் இருப்பதிலும் சிக்கல் உண்டு: படகு நெரிசல் தாங்காமல், வணிகப் பயணங்களுக்கு வரம்பு கட்டும் விதிகளை மொன்டானா 2020இல் கொண்டுவர நேர்ந்தது.

தூண்டிலை வைத்துவிட்டுச் சுற்றிப் பார்க்கவும் இரு ஆறுகளிலும் இடம் உண்டு. மேடிசனின் மேற்பகுதியில் நிலநடுக்க ஏரி. 1959 ஆகஸ்ட் 17 இரவில் நிலநடுக்கத்தில் மலைச்சரிவு பெயர்ந்து ஆற்றை அடைத்தது; அந்த நிலநடுக்கத்தில் மொத்தம் 28 பேர் இறந்தார்கள். தேங்கிய தண்ணீரில் மூழ்கிய மரங்கள் இன்னும் பட்டுப்போய் நிற்கின்றன. கீழே கரடிப்பொறிப் பள்ளத்தாக்கு எனப் பொருள்படும் பேர் ட்ராப், அதற்கும் கீழே லூயிஸ், கிளார்க் குழு 1805இல் வந்து நின்ற மூவாற்றுக் கூடல். காவிரியில் 1902இல் கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் அனுப்பிய சிவனசமுத்திரம், முத்தத்தியின் அனுமன் கோயில், அர்க்காவதி சேரும் சங்கமம், மேக்கேதாட்டின் பாறை இடுக்கு, அப்புறம் நம் ஒகேனக்கல். வழியில் நீர்நாய், முதலை, யானை, மருத மரங்களில் சாம்பல் நிற மலை அணில். நான் பயணியாக இருந்தால் காவிரியைத்தான் தேர்வேன். மேடிசன் பள்ளத்தாக்கின் அழகு வானமும் வெளியும். காவிரியில் அடுத்த வளைவில் எது தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் என்று தெரியாது.

அந்த வளைவுகள் பலவற்றின் மேல் இன்று மேக்கேதாட்டு அணைத் திட்டத்தின் நிழல் இருக்கிறது. 67 டி.எம்.சி. நீர்த்தேக்கம் சரணாலயக் காட்டின் ஒரு பகுதியை மூழ்கடிக்கும். கர்நாடகமும் தமிழ்நாடும் எத்தனை டி.எம்.சி. என்று வாதாடுகின்றன. ஓடும் நீரும் பாறை மடுவும் இல்லாவிட்டால் கூன்முதுகு மஹசீருக்கு அங்கே வாழ்வில்லை என்பதும் அந்த வழக்காடலில் ஒலிக்க வேண்டும்.

தமிழ்நாட்டால் செய்யக்கூடியது இருக்கிறது. கூன்முதுகு மஹசீர் இன்னும் உயிரோடு இருக்கும் மிகச் சில இடங்களில் ஒன்று, முதுமலைக்கும் பந்திப்பூருக்கும் நடுவே ஓடிப் பவானிசாகரில் சேரும் மோயாறு. காவிரியின் நம் கரையில் 2014இல் காவிரி வடக்கும் 2022இல் காவிரி தெற்கும் சரணாலயங்களாயின. தூண்டில் வேண்டாம். ஒகேனக்கல் பரிசல்காரர்களையும் மோயாற்றங்கரைப் பழங்குடி மக்களையும் சம்பளத்துக்கு அமர்த்தலாம். எந்த மடுவில் எந்த மஹசீர், நீலத்துடுப்பா ஆரஞ்சா, எந்த மாதம் குஞ்சு கண்ணில் படுகிறது, எங்கே தோட்டா வெடித்தது என்று மாதாமாதம் எழுதவைக்கலாம். பார்வையாளர்களை அதே பரிசலில் ஏற்றி அந்த மீனைப் பற்றிச் சொல்லவும் அவர்களுக்கு வரும். வேற்றினக் குஞ்சுகளை இந்தப் படுகையில் இனி விடக்கூடாது என்று இரு மாநில மீன்வளத் துறைகளும் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். மொன்டானா அதை 1974இல் செய்தது; அப்போது அவர்கள் கையில் இருந்ததெல்லாம் இரண்டு நீர்த்துண்டுகளின் சில ஆண்டுக் கணக்குதான். நம்மிடம் காலிபோரின் பதினான்கு ஆண்டுக் கணக்கு இருக்கிறது.