பூனை கோத்த மூன்று கதைகள்

தனித்தனிக் கதைகள் சிலவற்றை அடுத்தடுத்து வைத்து, அவற்றை ஓர் இணைப்புக் கதையால் கோத்துக் காட்டும் தொகுப்புப் படம், இன்று 'ஆந்தாலஜி' என்று வழங்கும் வகை, திகில் சினிமாவில் பேசாப்படக் காலத்திலேயே வேர்விட்டது. ஜெர்மனியில் பால் லெனி 1924இல் எடுத்த 'வாக்ஸ்வொர்க்ஸ்' படத்தில் மெழுகுச் சிலைகளுக்குக் கதை எழுத வந்த இளங்கவிஞனே இணைப்பு; பிரிட்டனின் ஈலிங் நிறுவனம் 1945இல் வெளியிட்ட 'டெட் ஆஃப் நைட்' படத்தில், கிராமத்து வீடொன்றில் கூடியவர்கள் தத்தம் விசித்திர அனுபவங்களைச் சொல்வதே இணைப்பு. 1965இல் 'டாக்டர் டெரர்ஸ் ஹவுஸ் ஆஃப் ஹாரர்ஸ்' படத்தின் மூலம் இம்முறையைத் தன் முத்திரையாக்கிக்கொண்ட அமிகஸ் நிறுவனம், ரயில் பெட்டியில் சீட்டெடுத்துக் குறி சொல்லும் அந்நியரைக் கொண்டு கதைகளைப் பிணைத்தது. இணைப்பவர் யாராயினும் அவர் வாய்திறந்து பேசுபவராகவும், பெரும்பாலும் மற்றவர்களின் முடிவை முன்னரே அறிந்தவராகவும் இருந்தார்.

ஸ்டீபன் கிங் திரைக்கதை எழுதி, லூயிஸ் டீக் இயக்கி 1985இல் வெளிவந்த 'கேட்ஸ் ஐ' இந்த மரபிலிருந்து விலகிய இடம் இதுவே. அமிகஸ் நிறுவனர் இருவருள் ஒருவரான மில்டன் சபாட்ஸ்கி இணைத் தயாரிப்பாளராக இருந்த இப்படத்தில், பேச இயலாத ஒரு தெருப் பூனை ஊர் ஊராக அலைந்து மூன்று கதைகளையும் தொடுக்கிறது. முதல் இரண்டும் 1978இல் வந்த 'நைட் ஷிஃப்ட்' சிறுகதைத் தொகுதியிலிருந்து எடுக்கப்பட்டவை. மூன்றாவது படத்துக்கென்றே எழுதப்பட்டது.

பூனையின் நிலை கதைக்குக் கதை மாறுவது கவனிக்கத்தக்கது. நியூயார்க்கில், புகைப் பழக்கத்தை அச்சுறுத்தியே நிறுத்தவைக்கும் நிறுவனம் ஒன்று, விதியை மீறினால் மனைவிக்கு என்ன நேரும் என்பதை வாடிக்கையாளருக்கு விளக்க, பூனையை மின்சாரம் பாயும் தளத்தில் விட்டுத் துள்ளவைக்கிறது. அட்லாண்டிக் சிட்டியில், தன் மனைவியின் காதலனை உயர்ந்த கட்டடத்தின் குறுகிய விளிம்பில் சுற்றி நடக்கவைக்கும் சூதாடிச் செல்வந்தன், அதற்கு முன்பே, வாகனங்கள் பாயும் சாலையை அதே பூனை உயிரோடு கடக்குமா என்று பந்தயம் கட்டியிருக்கிறான். இவ்வாறு மனிதக் கொடுமையின் கருவியாகவும் பொருளாகவும் இருந்த உயிர், வில்மிங்டனை அடைந்து சிறுமி ஒருத்தியின் வீட்டில் 'ஜெனரல்' என்னும் பெயர் பெற்றதும் போர்வீரனாகிறது.

உறங்கும் குழந்தையின் மூச்சைப் பூனை உறிஞ்சிவிடும் என்பது ஐரோப்பாவில் நெடுங்காலம் வழங்கிய நம்பிக்கை. சிறுமியின் தாய் அதை நம்பிப் பூனையை விரட்ட, மூச்சைத் திருடுவதோ சுவருக்குள் ஒளிந்திருக்கும் குட்டிப் பூதம் என்று காட்டி, பழிசுமந்த விலங்கையே காவலாக நிறுத்துகிறது கிங்கின் கதை. இந்தத் தலைகீழ்த் திருப்பமே படத்தின் உண்மையான சாதனை. கார்லோ ரம்பால்டி உருவாக்கிய பூதம், சுழலும் இசைத்தட்டின் மேல் சிக்கி, பூனை வேகத்தைக் கூட்டியதும் மின்விசிறிக்குள் எறியப்படும் காட்சியில், ஜாக் கார்டிஃபின் ஒளிப்பதிவும் அறைப் பொருள்களைப் பேருருவில் செய்துவைத்த அரங்கமைப்பும் விளையாட்டறையைப் போர்க்களமாக்குகின்றன.

வேறொரு சிறுமி மூச்சிழந்து இறந்ததும், அவளுடைய தாய் பூனையைக் குற்றவாளியாகக் கருதித் துரத்தியதும் தொடக்கத்தில் இடம்பெற்றிருந்தன. ஸ்டுடியோ தரப்பு அப்பகுதியை வெட்டிவிட்டதால், கடைக் கண்ணாடிக்குள் தோன்றி உதவி கேட்கும் சிறுமியின் உரு ஏன் இப்பூனையை அழைக்கிறது என்பது பார்வையாளருக்கு விளங்காமல் போயிற்று. பேசும் இணைப்பாளர் இருந்த பழைய படங்களில் இத்தகைய வெட்டை ஒரு வசனத்தால் ஈடுகட்டியிருக்கலாம். இங்கே பூனையின் வழிக்குக் காரணம் சொல்ல எவருமில்லை.