வளர்ப்பு

'வளர்' என்னும் வினையடி தன்வினையில் 'வளர்ந்தான்' என்றும் பிறவினையில் 'வளர்த்தான்' என்றும் இருவழியாகக் கிளைப்பதாதலின், முன்னதன் வழியே 'வளர்ச்சி'யும் பின்னதன் வழியே 'வளர்ப்பு'ம் அமைந்தன. வளர்ச்சி குழந்தையினுடையது, வளர்ப்போ அதைத் தாங்கும் கரங்களினுடையது. 'தத்து' என்பது, கொடுக்கப்பட்டது எனப் பொருள்படும் 'தத்த' என்னும் வடசொல்லின் வழி வந்தது. 'சுவீகாரம்' என்பது தனதாக்கிக்கொள்ளுதல். இவ்விரண்டிலும் உரிமை கைமாறுகிறது. வளர்ப்பு என்னும் சொல்லிலோ உரிமையின் சாயலே இல்லை, பராமரிக்கும் காரியம் ஒன்றே உண்டு. உலக வழக்கில் தத்துப்பிள்ளையையும் வளர்ப்புப்பிள்ளை என்பதால் நேரும் மயக்கம் வருந்தத்தக்கது.

பெற்றவளை நற்றாய் என்றும் வளர்ப்பவளைச் செவிலி என்றும் பிரித்து, இருவரையும் தாயென்றே போற்றிய நம் அகமரபில், செவிலியின் மகளே தலைவிக்கு உயிர்த்தோழி ஆகிறாள் எனத் தொல்காப்பியம் வகுத்திருப்பதை எண்ணுந்தோறும் என் நெஞ்சம் நெகிழ்கிறது. வளர்க்கும் இல்லத்தில் அன்னையோடு ஓர் உடன்பிறப்பும் கிடைத்துவிடுகிறதன்றோ!

இந்தியாவின் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 44ஆம் பிரிவு கூறும் வளர்ப்புப் பராமரிப்பும் உரிமை கைமாறாத இத்தகைய வளர்ப்பே. குழந்தைகள் நலக் குழுவின் ஆணைப்படி, தகுதியுடைய குடும்பமொன்றில் குழந்தை வாழும். உடன்பிறந்தாரை இயன்றவரை பிரிக்கலாகாது. குழுவினர் மாதந்தோறும் சென்று பார்ப்பர். பெற்றோர் தகுதி பெற்றனரெனக் குழு கருதுமாயின், குழந்தை அவர்களிடமே திரும்பும். திரும்பிச் செல்லக்கூடிய குழந்தையென்று அறிந்தே அதற்குச் சோறூட்டச் சித்தமாயிருப்போர், தம் மாவட்டத்துக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகுவாராக.